சிந்திய அரிசியும் ஐம்பது எலுமிச்சம்பழமும்

யோக்யகர்த்தா ரயில்வே ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து எல்லோரும் என்னை 'மாஸ்... மாஸ்...' என்றே கூப்பிட்டார்கள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், டீக்கடைக்காரர், லாட்ஜ் பையன்... ஒருத்தர் பாக்கி இல்லை. நாற்பத்திரண்டு வயசில், முன்வழுக்கையோடு, கையில் துவைக்காத சட்டைப் பையோடு நிற்கிற ஒருத்தனை எந்த ஊரில் சார் 'மாஸ்' என்பார்கள்? மார்பு ஒரு இஞ்ச் விரிந்துவிட்டது.

அப்புறம்தான் தெரிந்தது, ஜாவா பாஷையில் 'மாஸ்' என்றால் 'அண்ணே' என்று அர்த்தமாம். விரிந்த மார்பு பழைய அளவுக்கு வந்தது.

ஆபீஸ் விஷயமாக ஒரு வாரம் ஜகார்த்தா. சனி, ஞாயிறு லீவு. கூட வந்தவர்கள் ஷாப்பிங் மாலுக்குக் கிளம்பினார்கள். நான் மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரி காம்பிர் ஸ்டேஷனில் ரயிலேறி, பொழுது விடியும்போது யோக்யகர்த்தா வந்துவிட்டேன். "போரோபுதூர் பார்க்கவா? பிரம்பனான் கோயிலா?" என்று கேட்டார்கள். "கத்தி கழுவுறதைப் பார்க்கணும்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நான் செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடி வந்திருக்கிறேன் என்று ஜகார்த்தா ஆபீஸில் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

*

எங்கள் வீட்டில் ஒரு கிரிஸ் கத்தி இருக்கிறது. பாம்பு நெளிகிற மாதிரி ஏழு வளைவு. தாத்தா மலாயாவில் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1942-லிருந்து 1945 வரைக்கும் ஜப்பான்காரன் ஆட்சியில் அங்கே அரிசி கிடையாது. எல்லோருக்கும் மரவள்ளிக்கிழங்குதான். அந்தச் சமயத்தில் அடுத்த வீட்டு மலாய்க்காரர் ஒருத்தர், தன் வயலில் விளைந்த அரிசியில் கைப்பிடி கைப்பிடியாக ராத்திரியில் எடுத்து வந்து தாத்தா வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். 1955-ல் தாத்தா குடும்பத்தோடு 'ராஜுலா' கப்பலில் ஊர் திரும்பியபோது, அதே மனிதர் கொடுத்த பிரிவுப் பரிசுதான் அந்தக் கத்தி. அப்பாவுக்கு அப்போது பத்து வயசு.

கத்தியின் கறுப்பு இரும்பில் வெள்ளிப் பொட்டுப் பொட்டாக ஒரு கோலம் ஓடும். அரிசியைக் கொட்டிச் சிதறவிட்ட மாதிரியே இருக்கும். "இதெல்லாம் அவர் நமக்குக் குடுத்த அரிசிடா" என்று தாத்தா அப்பாவிடம் சொல்வாராம். அப்பா என்னிடம் சொல்வார். நான் என் பையனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

"எல்லாத்தையும் பளபளன்னு வைங்கப்பா" என்று அம்மா சொன்னார்களா... நான் உற்சாகமாக எமரி பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்பேனர் ஆச்சு, சுத்தியல் ஆச்சு, அரிவாள்மணை ஆச்சு. கிரிஸ்ஸையும் விடவில்லை. ஒரு மணி நேரம் தேய்த்தேன். கல்யாண வீட்டு எவர்சில்வர் கரண்டி மாதிரி மின்னியது. பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அரிசி எங்கடா?" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. அப்பாக்கள் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் சார். இந்த மௌனம் இருக்கிறதே...

*

ஆபீஸில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த நண்பர் ஒருத்தர் உண்டு. விஷயத்தைச் சொன்னேன். "இது ஒரு மேட்டரா? ரெண்டு விதமான இரும்பை மடிச்சு மடிச்சு அடிச்சிருப்பான். ஆசிட்ல முக்கினா ஒண்ணு கறுக்கும், ஒண்ணு கறுக்காது. டிசைன் வந்துடும். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஃபெரிக் குளோரைடு கிடைக்கும். நாங்க சர்க்யூட் போர்டுல காப்பரை அரிக்கிறதுக்கு யூஸ் பண்ணுவோம். வெளிநாட்டுல கத்தி பண்றவங்களும் அதைத்தான் யூஸ் பண்றாங்க" என்றார். "என்கிட்டயே பழைய கரைசல் ஒரு பாட்டில் இருக்கு, தரட்டுமா?" என்று தாராள மனசும் காட்டினார்.

நல்லவேளை, வாங்கவில்லை. அதில் ஏற்கெனவே தாமிரம் கரைந்திருக்கும். இரும்பை முக்கினால் அந்தத் தாமிரம் கத்தி மேல் ஏறி, செம்பு முலாம் பூசினாற்போல் ஆகிவிடும். இதைச் சொன்னவர் ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர். புதுசாகக் கட்டி கட்டியாக ஒரு பொட்டலம் கொடுத்தார். "முதல்ல தண்ணி, அப்புறம் கட்டி. கொஞ்சம் கொஞ்சமா போடணும். மாத்திப் பண்ணிடாதீங்க" என்றும் சொன்னார்.

மாற்றித்தான் பண்ணினேன்.

பிளாஸ்டிக் பக்கெட்டில் கட்டியைப் போட்டு, மேலே தண்ணீரை ஊற்றினேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'சுர்ர்...' என்று ஒரு சத்தம். பக்கெட் சுட ஆரம்பித்தது. மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி. பால்கனிக்கு ஓடினேன். கையுறையும் கண்ணாடியும் போட்டிருந்ததால் தப்பித்தேன். பழுப்பு நிறத்தில் நாலு சொட்டு மொசைக் தரையில் விழுந்தது. அந்த நாலு பொட்டும் இன்றைக்கும் அங்கேயே இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் மனைவி அதைச் சுற்றுலாத்தலம் மாதிரி காட்டுகிறாள்.

ஆறவைத்து, மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துக் கரைத்து, முதலில் ஒரு பழைய அரிவாள்மணைத் தகட்டை முக்கிப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் கறுகறுவென்று ஆகிவிட்டது. கோலம் கீலம் ஒன்றும் இல்லை. வராதுதானே? அது ஒரே இரும்பு. இரண்டு விதம் கலந்தால்தான் கோலம். அது தெரிவதற்குள் மிச்சக் கரைசலைச் சமையலறை ஸிங்க்கில் கொட்டியிருந்தேன். சோடா உப்பைப் போட்டு ஆசிட்டை முறிக்க வேண்டும், எவர்சில்வர் பக்கமே கொண்டுபோகக் கூடாது, சாக்கடையில் கொட்டவே கூடாது... இந்த மூன்று பாடமும் மறுநாள் காலையில் ஸிங்க்கில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கிரிஸ்ஸைத் துணியில் சுற்றி டிரங்க் பெட்டியில் வைத்துவிட்டேன். ஒரு ஸிங்க் போனால் வேறு வாங்கலாம். இதை எங்கே போய் வாங்க?

அந்த நேரத்தில்தான் ஜகார்த்தா டூர் வந்தது. விமானத்தில் கத்தியைக் கொண்டுபோனால் மாமியார் வீட்டில்தான் இறங்க வேண்டியிருக்கும் என்பதால், போனில் பத்து போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன்.

*

லாட்ஜ் பையனுக்கு நல்ல இங்கிலீஷ். தன் ஸ்கூட்டரிலேயே கூட்டிப்போனான். போகும் வழியில் 'குதெக்' சாப்பிட்டோம். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்காக வேகவைத்த கறி. சோற்றோடு பிசைந்தால் பாயசத்தில் சாதம் போட்ட மாதிரி ஒரு தித்திப்பு. காரத்துக்கு அலைந்த என்னை அந்தக் கடைக்காரம்மா பரிதாபமாகப் பார்த்தார்.

தெற்கே பதினைந்து, பதினாறு கிலோமீட்டரில் இமோகிரி. மத்தாராம் அரசன் சுல்தான் அகுங் 1630-களில் குன்றின் மேல் கட்டிய அரச குடும்பத்துக் கல்லறைகள் அங்கேதான். ஏறிப்போகச் சுமார் நானூறு படி. 'அகுங்' என்றதும் நம் ஆளுக்கு என்ன என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நம்முடைய சக ஆண்டைத்தான் ஜாவாவிலும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1633-ல் இந்த சுல்தான் மாதக் கணக்கை இஸ்லாமியச் சந்திர மாதமாக மாற்றினார். ஆனால், ஆண்டு எண்ணை மட்டும் விடாமல் சக ஆண்டிலிருந்தே தொடரச் செய்தார். அந்தக் காலண்டரின் முதல் மாதம் 'சுரோ'. வருஷம் முழுக்கப் பெட்டியில் தூங்கும் கிரிஸ் கத்திகளை ஜாவாக்காரர்கள் கழுவி எடுப்பது அந்த மாதத்தில்தான். அவர்களுடைய ஆயுத பூஜை என்று வைத்துக்கொள்ளுங்களேன். எமரி பேப்பர் மட்டும் கிடையாது.

குன்றுக்குப் பக்கத்தில் பன்யுசுமுருப் என்று ஒரு கிராமம். வாய் நிறைய நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்கு வீடு கிரிஸ் வேலை. ஒரு திண்ணையில் மர உறையைச் செதுக்குகிறார்கள். அடுத்த திண்ணையில் பித்தளைத் தகட்டில் 'டொக் டொக்'கென்று பூ வேலை. கிரிஸ் கலையை யுனெஸ்கோ 2005-ல் மனிதகுலத்தின் பெருஞ்சொத்து என்று அறிவித்தது. 2008-ல் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தது. அந்தப் பெருஞ்சொத்து, கோழி மேயும் முற்றத்தில், லுங்கி கட்டிய மனிதர்களின் மடியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தரிடம் பையன் கூட்டிப்போனான். "பாக்" என்று கூப்பிடு என்றான். அப்பா மாதிரி. பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை. போட்டோவைக் காட்டினேன். தேய்த்த கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். பையன் மொழிபெயர்த்தான். 'எமரி பேப்பர்' என்ற இடத்தில் பெரியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம் என்ன நினைத்தாரோ, எழுந்து உள்ளே போய் ஒரு கத்தியை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். பளபளவென்று வெள்ளையாக, கோலமே இல்லாமல், நான் தேய்த்து வைத்த மாதிரியே இருந்தது!

"இதையும் யாராவது என்னை மாதிரி...?" என்றேன்.

"நான்தான்" என்றார் பெரியவர். "கழுவுறதுக்கு முதல் வேலையே இதுதான். பழைய கறுப்பை எல்லாம் எடுத்து வெள்ளையாக்கணும். அப்பதான் புதுசா எழுத முடியும்."

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

*

விஷயம் இதுதான். கிரிஸ் அடிக்கும் கொல்லருக்கு அங்கே 'எம்பு' என்று பெயர். சாதாரண இரும்போடு நிக்கல் கலந்த இரும்பைச் சேர்த்து, பழுக்கக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்து அடுக்கடுக்காக்குவார். நடுவில் வெட்டுவதற்கு ஒரு எஃகுத் தகடு. அடுக்குகளில் விழும் கோலத்துக்கு 'பமோர்' என்று பெயர். பிரம்பனான் பக்கம் வானத்திலிருந்து விழுந்த ஒரு விண்கல்லில் நிக்கல் இருந்தது. அதை சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோய் வைத்து, அதிலிருந்து எடுத்த இரும்பில் அரச கத்திகள் அடித்தார்கள். இப்போதெல்லாம் நிக்கல் தகடு கடையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆக, கோலம் மேல்பூச்சு இல்லை. உள்ளே கடைசி வரைக்கும் ஓடுகிறது. ஆசிட் பட்டால் இரும்பு அரித்துக் கறுக்கும். நிக்கல் அசையாமல் வெள்ளியாக நிற்கும். என் எமரி பேப்பர் எடுத்துப் போட்டது மேலே இருந்த கறுப்பைத்தான்.

"ஆனா, நீ இரும்பையும் சேர்த்துத் தின்னிருக்கே" என்றார் பெரியவர். "நாங்க கழுவினாக்கூட ஒவ்வொரு தடவையும் மயிரிழை போகும். அதனாலதான் ரொம்பப் பழைய கத்தி எல்லாம் இளைச்சுக் கிடக்கு. அடிக்கடி கழுவாதே."

அவர் கழுவுகிற முறையைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். துருப்பிடித்த கத்தியை முதலில் சில நாள் தேங்காய்த் தண்ணீரில் ஊறப்போடுகிறார். துரு இளகிவிடும். பிறகு எலுமிச்சம்பழச் சாறு விட்டு பிரஷ்ஷால் தேய்க்கிறார். சோப்புக்குப் பதில் என்ன தெரியுமா? நம்ம பூந்திக்கொட்டை! எங்கள் பாட்டி பட்டுப்புடவை அலசுவாளே, அதே நுரை. அந்த வாசனை வந்ததும் ஒரு நிமிஷம் ஜாவா மறந்துபோய், ஊர்க் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் கறுப்பு திட்டுத் திட்டாகத்தான் பிடிக்குமாம். அதனால் கழுவிய பிறகு கத்தி முகத்தில் விரல் வைக்கவே விடவில்லை. நான் ஆசையாகத் தொடப் போனேன். கையில் 'பட்'டென்று ஒரு அடி. அசல் அப்பா!

அடுத்ததுதான் அசல் மருந்து. பெயர் 'வாராங்கான்'. ஆர்சனிக் கலந்த கல். நம் சித்த வைத்தியத்தில் மனோசிலை, தாளகம் என்கிறார்களே, அந்த ஜாதி. சுத்தமான விஷம். அதைப் பொடித்து, வடிகட்டிய எலுமிச்சைச் சாறில் ஊறவைத்த கரைசலை, முற்றத்தின் கோடியில், காற்று வீசும் பக்கமாக உட்கார்ந்துகொண்டு பிரஷ்ஷால் தடவினார். கோழிகளைத் துரத்திவிட்டார். என்னையும் நாலடி தள்ளி நிற்கச் சொன்னார்.

ஒரு தடவை தடவினார். சாம்பல் நிறம். தண்ணீர் விட்டு அலசி, ஒற்றி, வெயிலில் காட்டி, மறுபடி ஒரு தடவை. மூன்றாவது தடவை அலசித் தூக்கிப் பிடித்தார் பாருங்கள்... அதுவரை வெறும் தகடாக இருந்தது, மழைக்கால வானம் மாதிரி கறுத்து, நடுவில் வெள்ளி வெள்ளியாகப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன.

எங்கள் வீட்டுக் கோலம்!

"இதுக்கு என்ன பேர், பாக்?"

"பெராஸ் வுதா."

பையன் மொழிபெயர்ப்பதற்குக் கொஞ்சம் யோசித்தான். "பெராஸ்னா அரிசி. வுதான்னா சிந்தினது. சிந்தின அரிசி."

எனக்குப் பேச்சு வரவில்லை. தாத்தா ஏதோ குழந்தைக்குச் சொன்ன கதை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அந்தக் கோலத்தின் பெயரே அதுதான்! அந்த மலாய்க்காரருக்கும் அது தெரிந்துதான் இருக்கும். தெரிந்துதான் அந்தக் கத்தியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாரோ?

*

"கொஞ்சம் வாராங்கான் கொடுங்களேன், எங்க வீட்ல பண்ணிப் பார்க்கிறேன்" என்றேன்.

பெரியவர் பலமாகத் தலையை ஆட்டினார். "விஷம். விமானத்துலயும் விடமாட்டாங்க, நானும் தரமாட்டேன். வீட்ல குழந்தை இருக்கில்ல?"

ஃபெரிக் குளோரைடு கதையையும் சொன்னேன். தெரிந்து வைத்திருந்தார். புதுசாக அடித்த கத்திக்கு இளம் பையன்கள் அதைத்தான் போடுகிறார்களாம். தப்பில்லையாம். "பழைய இரும்புக்கு வேண்டாம். அது ஓடுற குதிரை. உனக்குப் பிடிச்சு நிறுத்தத் தெரியாது" என்றார். ஸிங்க் விஷயம் நான் சொல்லாமலே அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"பின்னே என்னதான் பண்றது?"

முற்றத்து மூலையில் இருந்த எலுமிச்சைக் கூடையைக் காட்டினார். "இது மட்டும் போதும். கறுப்பு வராது. சாம்பல்தான் வரும். ஆனா அரிசி தெரியும். அவசரப்படாதே."

எவ்வளவு தரட்டும் என்று பர்ஸை எடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். பையனிடம் ஏதோ சொன்னார். "அரிசி குடுத்தவருக்காக ஒரு பிரார்த்தனை பண்ணிக்கச் சொல்றார்" என்றான் பையன். இமோகிரிப் படிகளில் பாதி ஏறி உட்கார்ந்து அதைச் செய்தேன். அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

*

சென்னை திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, கோயம்பேட்டில் ஐம்பது எலுமிச்சம்பழம். "கல்யாணமா சார்?" என்றார் கடைக்காரர். "கத்திக்கு" என்றேன். சட்டென்று மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டார்.

பூந்திக்கொட்டை நுரையில் கத்தியைக் கழுவினேன். சாறைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டினேன். சக்கை இருந்தால் அந்த இடம் புள்ளியாகிவிடும். பிளாஸ்டிக் தட்டு, புது பிரஷ். தடவுவது, கால் மணி காத்திருப்பது, அலசுவது, ஒற்றுவது, மறுபடி தடவுவது. முதல் மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை. "நல்ல ஜூஸாவது குடிச்சிருக்கலாம்" என்று மனைவி சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாவது மணியில் லேசாக ஒரு மங்கல். மூன்றாவது மணியில் என் பையன்தான் முதலில் பார்த்தான்.

"அப்பா, அரிசி!"

கறுப்பில்லை. பெரியவர் சொன்ன சாம்பல்தான். நான் அழுத்தித் தேய்த்த ஒரு பக்கத்தில் கோலம் கொஞ்சம் வடிவம் மாறியிருந்தது. மேல் அடுக்கு போய், அடுத்த அடுக்கு வந்திருக்க வேண்டும். ஆனாலும் பொட்டுப் பொட்டாக, முனை வரைக்கும், சிந்தின அரிசி. நன்றாக உலர்த்தி, ஒரு துளி சந்தன எண்ணெய் தடவி, அப்பாவிடம் கொண்டுபோனேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். ஜன்னல் பக்கம் திருப்பி வெகு நேரம் பார்த்தார். பன்யுசுமுருப் பெரியவர் சொன்ன பெயரைச் சொன்னேன். உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அந்த மலாய்க்காரர் பேரு என்னப்பா?"

சொன்னார். எண்பது வயசில், எழுபது வருஷத்துக்கு முந்தின பெயர், ஒரு எழுத்து தடுமாறாமல் வந்தது. என் பையன் அதை ரூல்டு நோட்டில் எழுதிக்கொண்டான். அரிசி மூன்றாவது தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கத்தியை உறையில் போட்டு என்னிடம் நீட்டிய அப்பா, கையை மட்டும் எடுக்கவில்லை.

"அடுத்த ஆயுத பூஜைக்கு..." என்றார்.

"சொல்லுங்கப்பா."

"சந்தனம், குங்குமம் போதும். நீ கொஞ்சம் தள்ளியே உட்காரு."